மின்னி பானிஸ்டருக்குக் குரல் கொடுத்தவர்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு அங்கதம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பிரிக்கிறார். பழிப்பை வெளிப்படையாகச் சொல்வது ஒன்று, மறைத்துச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதற்கு வழக்கமாகச் சொல்லும் காளமேகத்தை விட்டுவிட்டு அன்று வேறொன்றைக் கேட்கவைத்தேன். 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் ஒலிபரப்பான ‘கூன் ஷோ’ என்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி அது. ஆங்கிலப் பேரரசின் வீரதீரக் கதைகளையெல்லாம் கந்தலாக்கிச் சிரிக்கவைத்த நிகழ்ச்சி. ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், ஆய்வேடு எழுதி அலுத்த இரவுகளில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் தனியாகச் சிரித்த நிகழ்ச்சி.

ஆங்கிலத்தின் வேகம் பிடிபடாமல் பாதிப்பேர் விழித்தார்கள். நடுநடுவே நிறுத்தி, யார் பேசுகிறார்கள், எதைக் கேலிசெய்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், இதுல ஒரு பொண்ணுகூட இல்லையே?”

“இருக்காளேம்மா. மின்னி பானிஸ்டர்னு ஒரு பாட்டி பேசினாளே.”

“அது ஆம்பள குரல் மேம்.”

ஆம், ஆண் குரல்தான். மின்னிக்குக் குரல் கொடுத்தவர் நிகழ்ச்சியின் முதன்மை எழுத்தாளர் ஸ்பைக் மில்லிகன். எனக்கு அது எப்போதோ தெரிந்த செய்தி. ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதை ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டதில்லை. பெண்ணியம் பேசுகிற, பெண் கவிகளின் தொகுப்புகளுக்கு முன்னுரை எழுதுகிற நான், அந்த ஸ்டூடியோவில் எத்தனை பெண்கள் நின்றார்கள் என்று எண்ணிப் பார்க்காமலே சிரித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த மாணவியின் கேள்விக்கு நான் வகுப்பில் சொல்ல முடியாமல் போன பதில்.

கூன் ஷோ போன்ற நிகழ்ச்சிகள் எதைக் கேலிசெய்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1879 ஜனவரியில் லண்டனில் ‘பாய்ஸ் ஓன் பேப்பர்’ என்ற வார இதழ் தொடங்கியது. விலை ஒரு பென்னி. வெளியிட்டது, சமயத் துண்டறிக்கைகளைப் பரப்புவதற்கென்று இருந்த ஒரு கிறித்தவச் சங்கம். கொலையும் கொள்ளையும் நிறைந்த மலிவுக் கதைகள் பையன்களைக் கெடுக்கின்றன, அவற்றுக்குப் பதிலாக ஒழுக்கமான வீரத்தைக் கொடுப்போம் என்பது அவர்கள் எண்ணம். கப்பல், காடு, பாலைவனம், விடுதிப்பள்ளி, கிரிக்கெட் மைதானம் எல்லாம் அதில் வந்தன. ஜூல் வெர்ன் வந்தார், பாலன்டைன் வந்தார், கானன் டாயில் வந்தார். 1967 வரை அந்த இதழ் உயிரோடு இருந்தது.

மறு ஆண்டே, 1880இல், அதே சங்கம் ‘கேர்ள்ஸ் ஓன் பேப்பர்’ தொடங்கியது. அதில் தையலும் வீட்டுநிர்வாகமும் உடல்நலமும் கதைகளும் இருந்தன. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இதழ்களிலும் எழுதினார். பையன்களுக்கு அவர் சொன்ன மருந்துகளில் புகழ்பெற்றது தினமும் பச்சைத் தண்ணீர்க் குளியல். பெண்களின் இதழில் அவர் ‘மெடிகஸ்’ என்ற புனைபெயரில் அறிவுரை வழங்கினார். இரண்டு பாலருக்கும் உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது ஒரே ஆண்தான்.

ஆனால் பெண்பிள்ளைகள் தங்களுக்கென்று வகுத்த இதழோடு நிற்கவில்லை. 1880களிலேயே எட்வர்ட் சால்மன் வெளியிட்ட வாசிப்புக் கணக்கெடுப்பில், பையன்களின் இதழைப் பிடித்ததாகச் சொன்ன பெண்பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். அண்ணன் வாங்கியதைத் தங்கை படித்தாள். அச்சில் அவளுக்கு இடமில்லை, ஆனால் வாசகியாக அவள் அங்கேதான் இருந்தாள்.

இதை என்னால் வெறும் வரலாற்றுச் செய்தியாகப் படிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் அண்ணனின் முத்து காமிக்ஸ் கட்டு இருந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் கதாநாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ என்ற பையன்கள் வார இதழில் 1962இல் பிறந்து, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு நம் பேருந்துநிலையக் கடைகளுக்கு வந்தவன் அவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அண்ணன் எவர்சில்வர் டம்ளரைக் கையில் கவிழ்த்துக்கொண்டு மாயாவி ஆவான். நான் வில்லனிடம் மாட்டிக்கொண்டவளாகக் கட்டிலடியில் காத்திருப்பேன். பல நேரம் அவன் காப்பாற்ற மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவான். பரணில் தனியாகப் படிக்கும்போது மட்டும் நானும் மாயாவிதான். டம்ளர் என் கையில் இருக்கும்.

இப்படி ஆணாக நின்று படிக்கப் பெண்கள் பழக்கப்படுவதைப் பற்றி ஜூடித் ஃபெட்டர்லி 1978இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்க நாவல்களை முன்வைத்து அவர் சொன்னது இதுதான்: கதை தன்னை ஒதுக்குகிறது என்று தெரியாமலே வாசகி கதாநாயகனோடு சேர்ந்து தனக்கு எதிராக நின்றுகொள்கிறாள். பரணில் எனக்கு நடந்தது அதுதானா, அல்லது அதில் ஒரு விடுதலையும் இருந்ததா? இரண்டும் இருந்தன என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கட்டிலடியில் காத்திருப்பதைவிட டம்ளரை மாட்டிக்கொள்வது மேல் என்பது எட்டு வயதில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்தப் பையன்கள் இதழ்களைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு முதலில் விமர்சித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். 1940இல் ‘ஹொரைசன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, ‘ஜெம்’, ‘மேக்னட்’ ஆகிய இரண்டு வார இதழ்களின் விடுதிப்பள்ளிக் கதைகளை ஆராய்ந்தது. 1910ஆம் ஆண்டிலேயே உறைந்துவிட்ட ஓர் உலகத்தை, அதில் மாறாத வர்க்கத்தை, கேலிச்சித்திரமாக மட்டுமே வரும் வெளிநாட்டவரை அவர் சுட்டிக்காட்டினார். மேக்னட் கதைகளில் ஹரி ஜாம்செட் ராம் சிங் என்ற இந்திய இளவரசன் உண்டு. நவாப்பாக இருந்தும் அவன் பேசும் ஆங்கிலம் சிரிப்புக்கென்றே செய்யப்பட்டது.

மேக்னட் கதைகளை எழுதியவர் பெயர் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்று அச்சாகும். இத்தனை ஆண்டுகள் இத்தனை கதைகளை ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது, ஒரு குழுவாகத்தான் இருக்கும் என்று ஆர்வெல் ஊகித்தார். சில வாரங்களில் அதே இதழில் பதில் வந்தது. சார்லஸ் ஹாமில்டன் என்ற மனிதர், நான்தான் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்று வந்து நின்றார்.

இந்தக் கதையை இலக்கிய உலகம் சுவையாகச் சொல்லும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1919இல் ‘ஸ்கூல் ஃபிரெண்ட்’ என்ற பெண்பிள்ளைகளுக்கான இதழ் தொடங்கியபோது, அதில் பெண்கள் விடுதிப்பள்ளிக் கதைகளை எழுதியவர் ஹில்டா ரிச்சர்ட்ஸ். மேக்னட்டில் தின்றுகொண்டே இருக்கும் பில்லி பன்டரின் தங்கை பெஸ்ஸி அந்தப் பள்ளியில் படித்தாள். ஹில்டா என்று யாரும் இல்லை. முதலில் எழுதியவர் அதே ஹாமில்டன்தான். அவருக்குப் பின்னால் அந்தப் பெயரில் எழுதியவர்களும் ஆண்கள். ஃபிராங்க் என்ற பெயருக்குப் பின்னால் பலர் இருப்பார்கள் என்று தேடினால் ஓர் ஆள் கிடைத்தார். ஹில்டாவுக்குப் பின்னால் போனால் ஆண்கள் பலர் கிடைக்கிறார்கள், ஹில்டா மட்டும் கிடைக்கவில்லை. மின்னி பானிஸ்டரின் குரலை அச்சில் தேடினால் அது இங்கே தொடங்குகிறது.

அச்சிலிருந்து சாகசம் வானொலிக்குப் போனது. 1946 முதல் 1951 வரை பிபிசியில் தினமும் மாலை பதினைந்து நிமிடம் ‘டிக் பார்ட்டன்’ ஒலிபரப்பானது. உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள் என்பார்கள். துப்பறியும் வீரன் டிக் பார்ட்டனுக்குத் தொடக்கத்தில் ஜீன் ஹன்டர் என்றொரு காதலி இருந்தாள். பிள்ளைகள் கேட்கும் நிகழ்ச்சி என்பதால் பார்ட்டனுக்கு ஒழுக்க விதிகள் வகுக்கப்பட்டன. குடிக்கக் கூடாது, காமம் கதைக்குள் வரக் கூடாது. ஜீன் கதையிலிருந்து காணாமல் போனாள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கதையைச் சுத்தமாக்க வேண்டும் என்றதும் வெளியேற்றப்பட்டது பெண். அவள் துப்புத்துலக்கியிருக்கலாம், வண்டி ஓட்டியிருக்கலாம், சுவரேறிக் குதித்திருக்கலாம். அவளுக்குக் காதலி என்ற ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். அந்த வேலை தடைசெய்யப்பட்டதும் அவளுக்கு இருக்க இடமில்லை.

கூன் ஷோ வந்தது இந்தக் காற்றலையில்தான். முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அதைச் செய்தவர்கள் ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப் என்ற மூவர். தொடக்கத்தில் மைக்கேல் பென்டைனும் இருந்தார். மில்லிகன் இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்து, 1944இல் இத்தாலியில் காயம்பட்டு, மனம் உடைந்து திரும்பியவர். நிகழ்ச்சியை எழுதிக்கொண்டிருந்தபோதே அவர் மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்திருக்கிறார். வீரம், கட்டளை, பதக்கம், நாட்டுக்காகச் சாவது என்று பையன்கள் இதழ்கள் சொன்ன ஒவ்வொன்றும் அவர் கையில் வெடித்துச் சிதறுகிறது.

கதாநாயகன் நெட்டி சீகூன் ஏமாளி. காசுக்காக எதற்கும் போவான். இந்தியாவில் பணியாற்றிய மேஜர் பிளட்நாக் கோழை, லஞ்சக்காரர், வயிற்றுக்கோளாறு தீராதவர். ஆங்கிலக் கனவானாக வரும் கிரிட்பைப்-தின் பச்சை மோசடிக்காரன். பேரரசின் தூண்கள் என்று ஊட்டி வளர்த்த அத்தனை பிம்பங்களும் ஒவ்வொன்றாகச் சரிகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவன் புளூபாட்டில். கீச்சுக்குரல் சாரணச் சிறுவன். குரல் செல்லர்ஸ். அவன் அட்டையில் வெட்டிய ஆயுதங்களோடு வருவான். எழுத்துப்பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நடிப்புக் குறிப்புகளையும் சேர்த்து வாசித்துவிடுவான். கைதட்டலுக்குக் காத்திருப்பான். மிட்டாய் தருகிறேன் என்று சொல்லி சீகூன் அவனை ஆபத்தான வேலைக்கு அனுப்புவான். கடைசியில் வெடிப்பது சிறுவன்தான். தன்னைச் சாகடித்துவிட்டதாக அவன் அழுதுகொண்டே புகார் சொல்வான். அடுத்த வாரம் மறுபடி வருவான்.

புளூபாட்டில் யார்? பையன்கள் இதழின் வாசகன். சாகசக் கதையை வரிவிடாமல் நம்பி, அதற்குள் குதித்து, பெரியவர்கள் வைத்த வெடியில் சாகிறவன். மிட்டாய்க்குப் பதில் பதக்கம் என்று வைத்துப்பாருங்கள். அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் இரண்டு உலகப் போர்களுக்குப் போயின. போரிலிருந்து திரும்பிய ஒருவர் இதைச் சிரிப்பாக எழுதுகிறார். பழிப்பை மறைத்துச் சொல்லும் அங்கதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அன்று வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவியர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஆனால் புளூபாட்டிலின் தங்கை எங்கே? அண்ணனின் இதழை ஒளித்துப் படித்தவள்? கூன் ஷோவின் கற்பனையில் எதுவும் நடக்கும். தேம்ஸ் நதியில் எதுவும் மிதக்கும், பியானோவில் ஏறிப் பயணம் போகலாம். அந்த எல்லையற்ற கற்பனையில் வாசகன் உண்டு, வாசகி இல்லை.

இருக்கிற ஒருத்தி மின்னி பானிஸ்டர். தள்ளாடும் முதுமகள். ஹென்றி கிரன் என்ற கிழவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, நாளெல்லாம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருப்பவள். ஒருகாலத்தில் ஒரு குதிரைப்படையின் செல்லமாக இருந்தவள். பிளட்நாக்கோடு இந்தியாவில் அவளுக்கு ஒரு பழைய கதை உண்டு. நவநாகரிகத் தாளத்தில் பாட வேண்டும் என்று இந்த வயதிலும் ஆசை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்திலேயே உண்மையில் சாகசம் செய்து முடித்தவள் அவள்தான். அவள் கதையை மட்டும் யாரும் கேட்பதில்லை. நடுங்கும் குரலே அவளுக்கான நகைச்சுவையாகப் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நமக்கு ஸ்திரீபார்ட் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் பையன்கள்தான் வள்ளியும் தமயந்தியும். அது ஒதுக்கல்தான். அதே காலத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார் என்பதையும் மறக்கக் கூடாது. மேடையில் ஸ்திரீபார்ட் நடிகன் புடவையோடும் நடையோடும் ஓர் உடலை உருவாக்க வேண்டியிருந்தது. பார்வையாளருக்கு அது வேடம் என்று கண்ணுக்குத் தெரியும். வானொலியில் உடலே இல்லை. ஒலிவாங்கிக்கு முன் ஒரு பெண் வந்து நின்றால் அவள் பதினாறு வயதாகலாம், எண்பதாகலாம், கப்பல் தலைவியாகலாம். புடவை, நகை, ஒப்பனை எதுவும் தேவையில்லை. பெண்ணுக்கு இத்தனை வசதியான ஓர் ஊடகத்தில், வழக்கமான நடிகர் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை.

குரலை எடுத்துக்கொள்வது பெண்ணிடம் மட்டும் நடக்கவில்லை. கூன் ஷோவில் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்கள் வருவார்கள். பேசியவர்கள் மில்லிகனும் செல்லர்ஸும். மில்லிகன் 1918இல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்து, புனேயிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர். அந்த உச்சரிப்பை அவர் சிறுவயதிலிருந்து காதால் அறிந்தவர். அதனால் அதில் அன்பு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். பேரரசைக் கேலிசெய்யும் நிகழ்ச்சியில், பேரரசு யாரை ஆண்டதோ அவர்கள் ஹரி ஜாம்செட் ராம் சிங்கின் அதே கோணல் ஆங்கிலத்தைத்தான் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. முதல்முறை கேட்டபோது நான் இதற்கும் சிரித்தேன். பெண்ணாகவும் இந்தியராகவும் இரண்டு முறை என்னை விட்டு வெளியே நின்றுகொண்டு சிரித்தேன். பரணில் கற்றுக்கொண்ட வித்தை இவ்வளவு தூரம் கைகொடுத்திருக்கிறது.

1955இல் ஒலிபரப்பான ஒரு கூன் ஷோவின் பெயர் ‘அண்டர் டூ ஃபுளோர்போர்ட்ஸ்’. இரண்டு கொடிகளின் கீழ் என்ற பழைய நாவல் தலைப்பை இரண்டு தரைப்பலகைகளின் கீழ் என்று கவிழ்த்த தலைப்பு அது. பாலைவனத்துக்குப் போகும் படைவீரர் கதைகளுக்கான பகடி. அந்த மூல நாவலை 1867இல் எழுதியவர் ஊயிடா. ஊயிடா என்பது மரியா லூயிஸ் ராமே என்ற பெண்ணின் புனைபெயர். நாவலில் சிகரெட் என்ற பெண் வருகிறாள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையோடு சுற்றும் துணிச்சல்காரி. கடைசியில் கதாநாயகனைச் சுட நீட்டிய துப்பாக்கிகளுக்கு முன்னால் பாய்ந்து குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். ஆணுக்காகச் சாகவைத்தது ஊயிடாவின் காலத்துக் குறை. ஆனாலும் பாலைவனத்துக்கு ஒரு பெண் குதிரையில் போயிருந்தாள். அதை எழுதியவளும் பெண். தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் தலைப்பு மட்டும் சிரிப்பாகத் திரும்பி வந்தது. சிகரெட்டுக்குக் குரல் கொடுக்க அந்தக் குழுவில் ஒருத்தியும் இல்லை.

பகடியைப் பற்றி எனக்கு இருந்த ஒரு நம்பிக்கை இந்த இடத்தில் ஆட்டம்கண்டது. அதிகாரத்தைக் கேலிசெய்வதெல்லாம் நம் பக்கம் நிற்கும் என்று நினைத்திருந்தேன். பகடி மூலத்தைச் சார்ந்து வாழ்வது. கேட்பவருக்கு மூலம் அடையாளம் தெரிய வேண்டும், அப்போதுதான் சிரிப்பு வரும். அதனால் அது மூலத்தின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கதாநாயகன் கோழையாகிறான், ஆனால் அவன்தான் மையம். தலைவன் திருடனாகிறான், ஆனால் தலைவன் ஆண்தான். யார் யாருக்குக் கதைக்குள் இடம் என்ற பட்டியலில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. செம்பொருளாக அது பேரரசைப் பழிக்கிறது. கரந்து நிற்பது பழிப்பு அல்ல, பழைய வழக்கம். தொல்காப்பியருக்குத் தேவைப்படாத ஒரு மூன்றாவது வகையை நான் சேர்க்கவேண்டியிருக்கிறது: பழிப்பவருக்கே தெரியாமல் பழிப்புக்குள் மறைந்திருப்பது.

பெண்களை ஸ்டூடியோவுக்குள் விட்டால் போதுமா? 1965 முதல் 1968 வரை வந்த ‘ரவுண்ட் த ஹார்ன்’ நிகழ்ச்சியில் பெட்டி மார்ஸ்டன் இருந்தார். நான்கு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அவருடைய பாத்திரங்கள் கூர்மையானவை. அதே நிகழ்ச்சியில் ஒற்றன் கதைப் பகடியில் வரும் கீழைநாட்டு ஆசைநாயகி லோட்டஸ் பிளாசத்துக்குக் குரல் கொடுத்தவர் ஹியூ பேடிக் என்ற ஆண். 1960களின் நடுவில் தொடங்கி 1973 வரை ஓடிய ‘ஐயம் சாரி ஐ’ல் ரீட் தட் அகெய்ன்’ நிகழ்ச்சியில் ஐந்து ஆண்களோடு ஜோ கெண்டல் இருந்தார். சாகசத் தொடர்களைப் பகடிசெய்வது அந்த நிகழ்ச்சியின் முக்கிய அங்கம். அதில் ரசிகர்கள் ஆரவாரத்தோடு வரவேற்ற பெண் பாத்திரம் லேடி கான்ஸ்டன்ஸ் டி கவர்லெட். பூதாகரமான உடம்பு, ஆண்களைத் துரத்தும் ஆசை. அவளாகப் பேசியவர் டிம் புரூக்-டெய்லர். பக்கத்திலேயே ஒரு நடிகை இருக்கிறார், இருந்தும் குண்டான, ஆசைகொண்ட, பயமுறுத்தும் பெண்ணை ஆண்தான் பேசுகிறார்.

நகைச்சுவைக்கு ஆண் பெண் பேதமில்லை, யார் பேசினால் சிரிப்பு வருகிறதோ அவர் பேசட்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியென்றால் கதாநாயகனைப் பெண் பேசிய பகுதிகள் எங்கே? பேதமில்லாத தெருவில் போக்குவரத்து ஒரு பக்கமாகவே இருக்கிறது.

1982 நவம்பர் 2ஆம் தேதி, பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கிய முதல் இரவில், ‘ஃபைவ் கோ மேட் இன் டார்செட்’ ஒளிபரப்பானது. வானொலி அல்ல, ஆனால் இதே மரபு. ஈனிட் பிளைட்டனின் ஐவர் குழுக் கதைகளுக்கான பகடி. ஆண்பிள்ளை போலத் திரியும் ஜார்ஜாக டான் ஃபிரெஞ்ச், சமையலும் பாத்திரமும் பார்த்துக்கொள்ளும் ஆனாக ஜெனிஃபர் சாண்டர்ஸ். எழுதியவர்கள் ஆண்கள்தான். ஆனாலும் ஒரு வேறுபாடு நிகழ்ந்தது. சாகசத்துக்கு நடுவே சாப்பாட்டை யார் எடுத்துவைப்பது என்பது அங்கே நகைச்சுவையின் பொருளானது. ஆன் பூரிப்போடு வீட்டுவேலை செய்யும்போது சாண்டர்ஸின் முகம் அந்தப் பூரிப்பையே கேலிசெய்கிறது. மூலக்கதையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த உழைப்பு அது.

பையன்கள் இதழின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு நிகழ்ச்சி செய்தது ‘த ஹார்ப்பூன்’. 1990களின் தொடக்கத்தில் பிபிசி ரேடியோ 4இல் வந்தது. பீட்டர் பேனமும் ஜூலியன் டட்டனும் எழுதினார்கள். குழுவில் சூசி பிரான், மேரி எலியட் நெல்சன் என்று இரண்டு பெண்கள். கூன் ஷோவின் சுழியத்திலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு. நாற்பது ஆண்டுகளில் ஒலிவாங்கிக்கு முன் நடந்த முன்னேற்றம் இவ்வளவு. எழுதும் மேசையில் அப்போதும் ஆண்கள்தான்.

பெண்களுக்கென்றே சாகசம் எழுதப்படவில்லையா என்றால், எழுதப்பட்டது. விமானி பிக்கிள்ஸை உருவாக்கிய டபிள்யூ. ஈ. ஜான்ஸ், போர்க்காலத்தில் பெண்களை விமானப்படையின் மகளிர் பிரிவுக்கு ஈர்ப்பதற்காக வொரால்ஸ் என்ற பெண் விமானியைப் படைத்தார். 1940இல் அவள் கேர்ள்ஸ் ஓன் பேப்பரில் வந்தாள். நாட்டுக்குப் பெண் தேவைப்பட்டபோது கதைக்குள் விமானம் கொடுத்தார்கள். நம் ஊரிலும் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. அண்ணனுக்கு மாடஸ்டி பிடிக்காது. அதனால் அந்தப் புத்தகங்கள் மட்டும் சண்டையில்லாமல் என்னிடம் வந்தன. கட்டிலடியிலிருந்து நான் வெளியே வந்தது அப்போதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இனி கூன் ஷோவை வகுப்பில் கேட்கவைக்க மாட்டேனா? கேட்கவைப்பேன். அடுத்த ஆண்டும் கேட்கவைத்தேன். புளூபாட்டில் சாகும்போது எனக்கு இன்னும் சிரிப்பும் துக்கமும் சேர்ந்து வருகின்றன. அதை விட்டுக்கொடுக்க விருப்பமில்லை. முன்பு அதைச் சிரிப்பின் முடிவாக வைத்தேன். இப்போது பாதியில் நிறுத்தி, இதுவரை பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறேன். எண்ணுவது மிக எளிய விமர்சன முறை. கோட்பாடு தெரியாத மாணவியும் செய்யலாம். எனக்குப் பதினைந்து ஆண்டுகள் தோன்றாத அதை அந்தக் கடைசி வரிசை மாணவி ஒரே கேட்பில் செய்துவிட்டாள்.

அந்தப் பருவத்தின் ஒப்படைப்புக்கு அவளிடமே மின்னி பானிஸ்டரைக் கொடுத்தேன். அவள் ஒன்பது நிமிட வானொலி நாடகம் எழுதிவந்தாள். அதில் மின்னி திருநெல்வேலிப் பேச்சில் ஓர் ஆச்சி. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா தன் போர்க்கதையைத் திண்ணையில் நூறாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆச்சி உள்ளேயிருந்து ஒவ்வொரு வரியையும் திருத்துகிறாள். அந்த ஊரில் அப்படி ஒரு பாலமே இல்லை, நீங்க அன்னைக்கு வயித்துவலின்னு படுத்திருந்தீக என்கிறாள். கதை சொல்ல முடியாமல் தாத்தா, “நீதான் அங்க இருந்தியா?” என்று கத்துகிறார். ஆச்சி சொல்கிறாள்: “இருந்தேன். நீங்க கேக்கல.”

வகுப்பில் அதை நடித்துக் காட்டினார்கள். தாத்தாவுக்குக் குரல் கொடுத்தவளும் மாணவிதான். அவள் தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிக்கவைத்துப் பேச ஆரம்பித்ததுமே வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பேராசிரியர் எட்டிப்பார்த்து, என்ன இவ்வளவு சத்தம் என்று கேட்டார்.

“அங்கதம் நடத்துறேன் சார்,” என்றேன்.